டீச்சரம்மாகிட்ட மூணு எட்டு

1966, தை மாசம், ஞாயிறு.

தருமச் சங்கத்துக்காரங்க கால் வராத புள்ளைங்களுக்காக வருஷா வருஷம் செஞ்சி ஊருப் பள்ளிக்கூடத்துல நடத்துற முகாமுக்கு இன்னிக்கு என் பொண்ணு செல்வியைத் தூக்கிட்டுப் போனேன். ஏழு வயசாவுது. போலியோ வந்ததிலிருந்து என் இடுப்பை விட்டு எறங்கினதில்ல. நடை பழக்க மெட்ராஸ்லேருந்து வந்திருந்த டீச்சரம்மா அவ காலுக்கு இரும்புச் சட்டம் மாட்டிட்டு, தள்ளி நின்னு "வா கண்ணு"ன்னாங்க. மூணு எட்டு வெச்சிட்டா. போயி அந்தம்மா சேலையைப் புடிச்சிக்கிட்டா.

"இன்னாத்துக்கு அழுவுற? பொண்ணு நடக்குது, சிரி"ன்னா பக்கத்துல நின்னவ. சந்தோசத்துல அழுவுறேன்னு நெனச்சிட்டா. எனக்கு வயித்தெரிச்சல். அந்த டீச்சரம்மாவுக்கு இவகூட அரை நாள் பழக்கம். அனந்தபுரம் சந்தைக்குக்கூடச் சுமந்தே போனவ நான்.

வூட்டுக்கு வந்ததும் அதே சட்டத்தோட செல்வியைச் சுவத்தோரம் நிக்க வெச்சேன். நாலடி தள்ளி நின்னு "வாடி"ன்னேன்.

ரெண்டு கையையும் நீட்டினா, தூக்கச் சொல்லி.

தூக்கிட்டேன்.