அந்தக் கிளை உன் மேல் ஏன் விழுந்தது

அன்பு மாப்பிள்ளைக்கு,

சந்திரனில் ஆள் இறங்கிவிட்டான். நீ இருந்திருந்தால் டீக்கடை ரேடியோவை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய். நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

என் தங்கை பாதியாக இளைத்துவிட்டாள். உங்கள் மகள் கற்பகம் பள்ளிக்குப் போகிறாள், ஆனால் யாரோடும் பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

பொங்கலுக்கு வாசகசாலையில் கடவுள் உண்டா இல்லையா என்று நாம் மோதிக்கொண்டோமே! தறியில் பூவும் மயிலும் விழுவதற்குக் கோக்கும் துளை அட்டைகளை நான் மேடையில் தூக்கிக் காட்டினேன். "இதுங்களைக் கண்ணை மூடிக்கினு கலைச்சுக் கோத்தா மயில் வருமாப்பா? லட்சத்துல ஒண்ணுகூட வராது. உலகம் மட்டும் தானா வந்துடுச்சா?" கைதட்டல் கூரையைப் பிளந்தது.

நீ எழுந்தாய். "போன மாசம் சங்கத்துக் குலுக்கல்ல இவன் பேரு வந்துச்சு. அத்தினி பேர்ல இவனுக்கே ஏன்? யார் பேராவது வந்துதானே ஆவணும்! நடந்து முடிஞ்சதைப் பார்த்துக்கினு, தானா நடக்கவே முடியாதுன்றான்." யார் காதில் விழுந்தது? எனக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வாலாஜாபாத் சாலையில், சைக்கிளில் போன உன் மேல் புளியங்கிளை முறிந்து விழுந்தது.

உன் கருமாதிப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "எவ்ளோ நீள ரோடு, எத்தினி மரம்! கரெக்டா இவன் தலைமேலயா? லட்சத்துல ஒண்ணு. தானா நடக்குமா? சாமி இல்லேன்னான், காட்டிடுச்சு." அத்தனையும் என் வாதம். நான் மறுக்கவில்லை. குனிந்து சாப்பிட்டேன், மாப்பிள்ளை. அந்த மாலையை இழக்க மனமில்லையா எனக்கு?

பரிமாறிக்கொண்டிருந்த கற்பகமும் கேட்டிருக்கிறாள். நேற்று என்னிடம், "மாமா, சாமிதான் எங்கப்பாவைக் கொன்னுடுச்சா?" என்றாள்.

"இல்லம்மா. காத்துல கிளை முறிஞ்சுது."

"அப்போ மேடையில நீங்க சொன்னது?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இன்றும் நான் வரதரைக் கும்பிடுகிறவன்தான், அது மாறாது. ஆனால் அந்த அட்டைக் கணக்கு அவருக்குச் சாட்சி இல்லை. அரிதாக நடந்தது என்பதாலேயே யாரோ நடத்தியதாக ஆகிவிடுமா? அன்றைக்கே நீ கேட்டாய், நான்தான் சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அதே மேடையில் ஏறப்போகிறேன். கற்பகம் முன்வரிசையில் இருப்பாள். நான் ஜெயித்தது தப்பான வாதத்தால் என்று ஊரறியச் சொல்வேன். கைதட்ட மாட்டார்கள். அவளும் உடனே நம்பமாட்டாள். நம்புகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன், சத்தியம்.

இப்படிக்கு,
உன் மச்சான், கற்பகத்தின் தாய்மாமன்