கண்ணு உன்னுதுதானே

7-11-64, சனி
விடாத தூறல். பிரிண்டுகள் காயவில்லை. ராஜகிரி மலை மேகத்துக்குள்.

கோதண்டம் போய் இன்றோடு எட்டு நாள். ஸ்டுடியோவில் படம் எடுப்பது நான், டச்சிங் அவன். பன்னிரண்டு வருடம் எதிரெதிர் மேசை. செஞ்சி வட்டாரத்தில் யார் செத்தாலும் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து நான் எடுப்பேன். மூடிய கண்ணைப் பிரிண்டில் பிரஷால் திறந்துவிடுவது அவன். அன்று அவனையே அப்படி எடுத்தேன். உயிரோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. எடுக்கத் தோன்றவே இல்லை எனக்கு.

அவன் மனைவி பச்சையம்மாள் வந்துபோனாள். "காரியத்துக்குள்ள கண்ணத் தொறந்து குடுத்துடுங்கண்ணா. மூடிக்கினு கெடக்கற படத்த மாட்டி வெச்சிக்கினு நான் எப்பிடி இருப்பேன்?" சரி என்றுவிட்டேன். காரியம் பதினைந்தாம் தேதி.

வாங்க: ஹைப்போ, பிளேடு, மண்ணெண்ணெய்.

9-11, திங்கள்
மூன்று பிரிண்ட் பாழ். முதலாவது பொம்மைக் கண். அடுத்தது மாறுகண். மூன்றாவதில் எதையோ கண்டு மிரண்டவன் மாதிரி. கிழித்துப்போட்டேன்.

பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் கேட்டார்: "எதிர் மேசைல ஆளே இல்ல, லைட்டு எரியுதே?" நான்தான் அணைக்க மறந்திருப்பேன். அப்படித்தான் இருக்கவேண்டும்.

11-11, புதன்
அவன் வேலையைப் பார்த்தாவது கற்கலாம் என்று சுவரிலிருந்து பரிசுப் படத்தை இறக்கினேன். மலையடி ஆட்டுக்காரக் கிழவர். எடுக்கும்போது கண்ணைச் சிமிட்டிவிட்டார், கோதண்டம்தான் திறந்தான். மெட்ராஸ் கண்காட்சியில் "கண்கள் பேசுகின்றன" என்று பரிசு. சான்றிதழில் என் பெயர் மட்டும். உன் பெயரையும் போட்டிருக்கலாம் என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தேன். "கண்ணு உன்னுதுதானே வாத்தியாரே, பேரும் உன்னுதாவே இருக்கட்டும்" என்றான். என் பார்வையைப் புகழ்கிறான் என்று பூரித்துப்போனேன். முட்டாள்.

இன்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடது இமை சற்றுத் தொங்குகிறது. கிழவருக்கு அப்படிக் கிடையாது. எனக்குத்தான், பிறவியிலேயே.

12-11, வியாழன்
அனந்தபுரம் பஸ். கூட்டம். குடையை விட்டுவிட்டேன்.

நாங்கள் படம் செய்து கொடுத்த வீடுகள் இரண்டு அங்கே. சட்டத்தில் பூச்சி அரித்திருக்கிறதா பார்க்க வந்தேன் என்று பொய். அரிசிக்கடைக்காரரின் செத்துப்போன தம்பி: இடது இமை தொங்கல். அடுத்த வீட்டில், பிரசவத்தில் போன பெண்: அதே இமை. மாலைக்கும் ஊதுவத்திப் புகைக்கும் நடுவிலிருந்து நான் என்னையே பார்க்கிறேன்.

"இன்னாங்க, இப்பிடி வேர்க்குது?" என்று மோர் கொடுத்தார்கள்.

நிமிர்ந்தால் எதிரில் தெரிந்த கண்ணைப் பார்த்துப் போட்டிருக்கிறான். எல்லாருக்கும். இன்னும் எத்தனை வீட்டுச் சுவரில் இருக்கிறேனோ. பயமாக இருக்கிறது.

14-11, சனி
அவன் கண்ணை நினைவுக்குக் கொண்டுவரக் காலையிலிருந்து போராட்டம். நகத்தில் மசி, ஞாபகம் இருக்கிறது. மூக்குப்பொடி வாசனை. குனிந்த உச்சந்தலை, அதில் இரட்டைச் சுழி. கண் மட்டும் வரவில்லை.

நாலு மணிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை அவன் மேசையில் நிறுத்தினேன். வேறு வழி தெரியவில்லை. பிரஷ் தானாக ஓடிற்று, யாரோ கையைப் பிடித்து நடத்தியதுபோல். திரும்பிப் பார்க்கவில்லை.

15-11, ஞாயிறு
காரியம். மழை விட்டிருந்தது. படத்துக்குச் சாமந்தி மாலை. "அப்பிடியே உசுரோட குந்திக்கினு இருக்கற மாதிரி இருக்குது" என்றார்கள் வந்தவர்கள்.

பச்சையம்மாள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"ஏண்ணா, பன்னெண்டு வருஷம் எதுக்கவே குந்திக்கினு இருந்தீங்களே. ஒரு நாள்கூட அவர நிமுந்து பாக்கலியா?"