ஜீப் காட்டிய பதினெட்டு

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்

இன்றைக்கும் பதினெட்டு. பக்கத்தில் ஒரு புள்ளி, ஒரு மூன்று. லீற்றருக்குப் பதினெட்டு கிலோமீற்றர் என்றால் இந்தப் பருமன் ஜீப்புக்கு அது சும்மா விசயம் இல்லை.

பெற்றோல் ஷெட்டில் கியூஆர் படத்தைக் காட்டி, தட்டுப்பாட்டுக்கு அரசாங்கம் அளந்து தருகிற வாரப் பங்கு இருபது லீற்றரையும் அடித்துக்கொண்டு வந்தேன். குளியாப்பிட்டிச் சந்தியில் கித்சிரி தன் ஓட்டோவுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவனுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர். மிச்ச நாள் முழுக்கப் படுக்கைதான் தொழில்.

"முதலாளி, யானைக்கு இண்டைக்கு என்ன தீனி போட்டனீங்கள்?"

"யானை இல்லையடா, எறும்பு. பதினெட்டு குடுக்குது."

"ஓ. அதுதான் அந்த டொக்டர் உங்களிட்டக் குடுத்துட்டு அவுஸ்திரேலியாவுக்கு ஓடினவரோ?"

பொறாமை. குருநாகல் டொக்டர் நாட்டை விட்டுப் போகும்போது விற்ற வண்டி இது. அதற்கு முதல் ஜப்பானில் ஓடியது. திரையில் இருப்பதெல்லாம் ஜப்பான் எழுத்து, இலக்கம் மட்டும் நம்முடைய இலக்கம். "பதினெட்டு காட்டும்" என்று டொக்டர் தன் வாயாலேயே சொன்னார். தேங்காய் வாங்கி விற்கிற எனக்கு எழுத்து என்னத்துக்கு? இலக்கம் காணும்.

ஆகஸ்ட் 13, சனி

கணக்கு உதைக்கிறது.

செவ்வாய் அடித்த இருபது லீற்றர். தோட்டங்களுக்கு மூன்று தரம், நாரம்மலைக்கு இரண்டு தரம், விகாரைக்கு ஒரு தரம். எல்லாம் சேர்த்து மீற்றரில் நூற்றெழுபது சொச்சம். பதினெட்டு கொடுக்கிற வண்டி என்றால் பாதியாவது மிஞ்ச வேண்டும். ஊசி சிவப்புக் கோட்டில் குப்புறப் படுத்துக் கிடக்கிறது. திரையைப் பார்த்தால் அதே பதினெட்டு, அதே புள்ளி, அதே மூன்று.

பம்பில் களவா? தாங்கியில் ஓட்டையா? யாராவது குழாய் வைத்து உறிஞ்சுகிறார்களா? மதிலுக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு தரம் மணந்து பார்த்தேன். கருவாடு பொரிக்கிற மணம்தான் வந்தது.

நிலந்தி அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகப்படாதீங்கோ. உங்கட வலது கால் பெருவிரலைச் சந்தேகப்படுங்கோ."

பெண்சாதி என்று ஒருத்தி வாய்த்தால் இப்படி வாய்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 14

வண்டிக்குக் கீழே காட்போட் மட்டை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நாய் படுத்திருந்தது.

ஆகஸ்ட் 18, வியாழன்

நிலந்தியின் அக்கா வீட்டுக்குப் போனோம். சாவியைத் திருகியதும் வழமை போல ஜீப்புக்குள் இருக்கிற ஜப்பான்காரி இரண்டு வரி பேசினாள். வாங்கிய நாளில் இருந்து பேசுகிறாள். என்ன சொல்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. "பயணம் நல்லபடி அமையட்டும்" என்கிறாள் என்பது நிலந்தியின் கட்சி, அவள் "சாது சாது" என்று விகாரையில் சொல்கிற மாதிரிப் பதிலும் சொல்வாள். நான் அந்த ஜப்பான்காரியை என் சின்னவீடு என்று சொல்லுவேன்.

இன்றைக்குப் பின் சீற்றில் இருந்து மகள் ஹிருணி குபீர் என்று சிரித்தாள்.

"என்ன பிள்ளை?"

"அவ வாழ்த்தேல்லை அப்பா. கார்ட் போடேல்லை எண்டு சொல்லுறா. அங்க ரோட்டுக் காசு கட்டுற கார்ட்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"போனில கிடந்தது."

நிலந்தி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள்? இத்தனை நாளும் கார்ட்டைப் போடு என்று கெஞ்சியவளுக்கு சாது சொன்ன வெட்கமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

கைகால் எல்லாம் நோகிறது. மனசும்தான்.

ஹிருணிக்குக் குருநாகலில் கொம்பியூட்டர் வகுப்பு. பஸ் வரவில்லை. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். புதுப் பங்கு இன்னும் அடிக்கவில்லை, ஊசி கீழே. "அப்பா, எண்ணெய் காணுமோ?" என்றாள். "பதினெட்டு குடுக்கிற வண்டி, பேசாம ஏறு" என்றேன்.

நாரம்மலை தாண்டி வயல்வெளிக்கு நடுவில் ஜீப் இருமியது. பிறகு நின்றது. நான் இறங்கித் தள்ளினேன், அவள் ஸ்டியரிங் பிடித்தாள். எங்கே தள்ளுவது? வயலுக்குள்ளேயா? கித்சிரிக்குப் போன் எடுத்தேன்.

வந்தான். தன் ஐந்து லீற்றரில் இரண்டு லீற்றரைச் சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"யானை செத்தாலும் ஆயிரம் பொன் எண்டு சொல்லுவாங்கள். உங்கட யானை சும்மா நிண்டதுக்கே என்ர ரெண்டு நாள் போச்சுது முதலாளி."

அவனுக்கு முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. திரையைக் காட்டி, "நீயே பார், பதினெட்டு. வண்டியில பிழை இல்லை, பெற்றோலில தண்ணி கலக்கிறாங்கள்" என்றேன்.

அப்போதுதான் ஹிருணி அழுதாள். அழுதுகொண்டே கத்தினாள்.

"அப்பா, அது இண்டைக்கு உள்ள கணக்கு இல்லை. 'இதுவரைக்கும் எடுத்ததில ஆகக் கூடினது' எண்டு எழுதியிருக்கு. ஜப்பானில ஆரோ ஒருத்தர் எண்டைக்கோ ஒருநாள் நல்ல ரோட்டில ஓடி எடுத்தது. அதை வச்சுக்கொண்டு ஊர் முழுக்கக் கதை அளக்கிறீங்கள். இண்டைக்கு எனக்கு மாதிரிச் சோதினை. அதுவும் போச்சு."

"நீ எப்படி வாசிச்சாய்?"

 கித்சிரி போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபடி வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

"ஏழு மாசமாப் படிக்கிறன்" என்றாள் கடைசியில். "கொம்பியூட்டர் இல்லை. பாஷை. ஜப்பானுக்குப் போகப் போறன், வயசான ஆக்களைப் பராமரிக்கிற வேலைக்கு."

ஆகஸ்ட் 24

டொக்டர் பொய் சொல்லவில்லை. காட்டும் என்றுதான் சொன்னார். கொடுக்கும் என்று சொல்லவில்லை. நான்தான் காட்டுகிறதைக் கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டிலும் அப்படியா? தினமும் சிரித்துக்கொண்டு பின் சீற்றில் ஏறுகிற பிள்ளை. அது காட்டினதா, கொடுத்ததா?

நிலந்திக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?" என்றேன். "சொன்னா அதையும் பகிடியாக்கிப் போடுவீங்கள். பிள்ளை அதுக்குப் பயந்தது" என்றாள்.

என்னுடைய பகிடிக்குப் பயமா? ஊரே சிரிக்கிற பகிடி. விளங்கவில்லை.

ஆகஸ்ட் 27

ஊரான் வீட்டுக் கிழடுகளைப் பாக்கப் போறாள். எங்களை ஆர் பாக்கிறது? கேட்டும் விட்டேன். பிள்ளை சோற்றுக் கோப்பையோடு எழும்பிப் போய்விட்டாள். கேட்டிருக்கக் கூடாது. கேளாமல் எப்படி இருக்கிறது?

செப்டெம்பர் 2, வெள்ளி

ஹிருணியின் ஜப்பான் பாஷைப் பரீட்சை இருபத்தைந்தாம் தேதி, ஞாயிறு, கொழும்பில். காலை எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும். டீசல் இல்லாததால் முதல் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. போன தரம் இவளோடு படிக்கிற ஒருத்தி பஸ்ஸை நம்பிப் போய்ப் பிந்தி, வாசலில் இருந்தே திரும்பி வந்தாளாம்.

நிலந்தி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "ஜீப் கொழும்புக்குப் போய் வருமோ?"

போக வர நூற்றெண்பது கிலோமீற்றர். பதினெட்டு என்றால் பாதிப் பங்கு காணும். ஒன்பது என்றால் வாரம் முழுக்க வண்டியைத் தொடாமல் வைத்திருந்தாலும் வாசல் வரைக்கும்தான்.

"பாப்பம்" என்றேன்.

போகாது என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வயலில் நின்ற கதை இப்போது குளியாப்பிட்டி முழுக்கத் தெரியும். இந்த ஒரு விசயத்தில் நான் சொல்வதை எல்லாரும் நம்புவார்கள். பிள்ளையும் நம்பும். என் மேல் பழி இல்லை, பெற்றோல் மேல்தான் பழி.

சொல்லுவேனா?

செப்டெம்பர் 10, சனி

பின்னால் கிடந்த சாக்குகள், தேங்காய் உரிக்கிற அலவாங்கு, பழைய தராசு, நிலந்தி தேடிக்கொண்டிருந்த குடை, எல்லாவற்றையும் இறக்கினேன். ஒரு வண்டிச் சாமான். நாலு டயருக்கும் காற்று அடித்தேன். ஏசியை நிறுத்தி, பிரேக்கைத் தொடாமல், மாட்டு வண்டிக்குப் பின்னால் போகிறவன் மாதிரி ஓடினேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் பங்கில் மிச்சம் வைத்த ஐந்து லீற்றரை அடித்து, விளக்கு திரும்பவும் எரியும் வரை ஓடி, ஷெட்டுக்கே வந்து கணக்குப் பார்த்தேன். ஷெட்காரப் பொடியன் ஓடின தூரத்தை ஐந்தால் பிரித்தும் தந்தான்.

பத்தரை.

போக வேண்டாம் என்று நினைக்கிறவன் ஏன் டயருக்குக் காற்று அடிக்கிறான்? எனக்கே என்னைப் பிடிபடவில்லை. ஒன்பது வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பத்தரை வந்ததும் ஷெட்டில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கே இருந்து வந்தது?

செப்டெம்பர் 21, புதன்

நேற்று அடித்த இருபது லீற்றரில் கை வைக்கவில்லை. தோட்டத்துக்குச் சைக்கிளில் போனேன். நாய்கள் எல்லாம் என்னை மறந்துவிட்டன, புது ஆள் என்று துரத்துகின்றன.

கித்சிரி: "யானைப்பாகன் சைக்கிளில. யானைக்குக் காய்ச்சலோ?"

"விரதம்" என்றேன்.

செப்டெம்பர் 24

"நாளைக்கு ஜீப் போகுமா?" ஹிருணிதான் கேட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றாள். போகாது என்ற சொல் நாக்கில் தயாராகத்தான் இருந்தது.

"போகும்."

"திரையைப் பாத்தோ சொல்லுறீங்கள்?"

"ஷெட்டில பாத்துச் சொல்லுறன். பத்தரை."

சிரித்தாள். போய்ப் படுத்துவிட்டாள். நான் ஏன் சொன்னேன்?

செப்டெம்பர் 25, ஞாயிறு

போனோம், வந்தோம். வாசலுக்கு வரும்போது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டு இருந்தது, ஆனால் நிற்கவில்லை. போகும்போது மூன்று பேரும் கண்ணாடியைத் திறந்துவிட்டு வியர்த்துக்கொண்டு போனோம். அவள் உள்ளே இருந்த நேரம் நானும் நிலந்தியும் எதிர்க் கடையில் பணிசும் பிளேன்டீயும். "சரிவராமல் போகட்டும் எண்டு நினைக்கிறீங்களோ?" என்று நிலந்தி கேட்டாள்.  நேர்த்தி வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று புத்தருக்குத்தான் தெரியும்.

வரும் வழியில் ஹிருணி முன் சீற்றில் இருந்தாள். ஒரு பொத்தானை நாலு தரம் அமத்தி வேறொரு பக்கத்தைக் காட்டினாள். "இதுதான் இண்டைய கணக்கு. சாவி போட்டதில இருந்து. இனி இதைப் பாருங்கோ." அதில் பத்து என்று இருந்தது. பார்க்க ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு அவள் நித்திரையாகிவிட்டாள்.

நவம்பர் 4

பாஸ். நிலந்தி பாற்சோறு காய்ச்சினாள். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

2023 மார்ச் 11

விசா வந்துவிட்டது. தோட்டத்தில் நாற்பது ஐம்பது தேங்காய் எண்ணியவன் எங்கே விட்டேன் என்று மறந்து, முதலில் இருந்து எண்ணினேன்.

மே 17, புதன்

காலையில் கட்டுநாயக்க. பெரிய பெட்டி இரண்டு, சின்னது ஒன்று, அவளோடு படித்த ஒருத்தியும் அவள் தாயும். பின்பக்கம் அழுந்தி, ஜீப் உட்கார்ந்துகொண்டே போனது.

விமான நிலைய வாசலில் ஹிருணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஒரு பகிடி விடுங்கோ" என்றாள்.

"அங்க உன்ர இடத்தில எனக்கும் ஒரு கட்டில் பிடிச்சு வை. எனக்கும் வயசு போகுது."

சிரித்தாள். சிரிப்பு முடியாமல் அழுகையாகிவிட்டது. மற்றப் பிள்ளையின் தாய் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன் என்றாள். நானும் நிலந்தியும் வந்துவிட்டோம்.

நிலந்தி முன் சீற்றில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். நித்திரை இல்லை. வெறும் பின் சீற், வெறும் ரோட்டு. அவசரம் ஒன்றும் இல்லாததால் மெதுவாக ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். பதின்மூன்று புள்ளி நாலு. உண்மையான பக்கம்தான், இரண்டு தரம் பார்த்தேன். இந்த ஜீப் என் கையில் ஒருநாளும் கொடுக்காத கணக்கு, பிள்ளையை இறக்கிவிட்டு வந்ததற்குக் கொடுத்தது.

பின்னேரம் சந்திக்குப் போனேன். கித்சிரி ஓட்டோவில் இருந்து எழும்பி உட்கார்ந்தான். பிள்ளை போனதைப் பற்றிக் கேட்கத் தெரியாமல் ஓட்டோக் கண்ணாடியைத் துடைத்தான்.

"எத்தினை குடுத்தது முதலாளி?"

பத்து என்றேன்.