எட்டுப் புள்ளி எழுத்து

ஜூலை 24, 1996, புதன்

விடியலிலிருந்து மழை. சாலைக் கடைத்தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். ஒன்பதரைக்குக் கடை; ராத்திரி எட்டரை வரை நின்றேன். சேலைப் பிரிவு. மத்தியானம் ஒரு ஆள் இல்லை. பெட்டி மேல் கொஞ்சம் சாய்ந்தேன். சூப்பர்வைசர்: "இருக்கதுக்கு இங்க சம்பளம் இல்ல, கேட்டோ."

ஞாயிறு கூட்டம். விற்பனைப் பெண்களுக்கு ஸ்டூல் கேட்டு மனு, கையெழுத்து. அதற்கு நோட்டீஸ் வேண்டும். மலையாளத்தில் அடித்தால் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. தமிழில் நான் அடித்துத் தருகிறேன் என்று மேரி அக்காவிடம் சொல்லிவிட்டேன். பதினெட்டு வருடம் கவுண்டரில் நின்ற கால் அவளுடையது. நரம்பெல்லாம் முடிச்சு.

கம்ப்யூட்டர்: அண்ணன் மஸ்கட்டில் பெருக்கித் துடைக்கும் ஆபீஸ் தூக்கிப்போட்டது. டிவியில் மாட்டினால் ஓடும். பிரிண்டர் ஊசியால் குத்துகிற வகை. தமிழ் எழுத்து அதற்குக் கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் நானே வரைந்து, எண்ணாக்கி ஏற்றினேன். எட்டுப் புள்ளி உயரம். மூன்று மாத வேலை.

ரிப்பன் காய்ந்துவிட்டது; எழுத்து சாம்பல் நிறம். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் மை இளகும் என்று டைப் இன்ஸ்டிட்யூட்டில் கேட்டது. வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருந்தது.

அம்மா: "தலைக்கே காணல, அதுக்கு வேற தேச்சு விடுதியா?"

நல்ல கறுப்பு. ஒரு தாள் எடுத்து வைத்தாயிற்று.

ஜூலை 25, வியாழன்

தாள் முழுக்க எண்ணெய் பரவி அந்தப் பக்கம் தெரிகிறது. வேறு அடிக்க நேரமில்லை. அதையே கொண்டுபோனேன்.

சோற்று நேரம், கடைக்குப் பின்னால் டீக்கடை. மேரி அக்கா முகர்ந்து பார்த்தாள். "ஏ பிள்ளே, இது நோட்டீஸா, பப்படம் பொரிச்சு வச்ச பேப்பரா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அப்போது பத்மா. கோட்டைக்குள் அக்ரஹாரம். அப்பா வங்கி அதிகாரி. எம்.ஏ. படித்துக்கொண்டே எங்களுக்கு உதவி செய்கிறாளாம். நான் முதலில் கையால் எழுதிக் கொடுத்த வாசகத்தை அக்காவிடம் வாங்கிப்போய், சித்தப்பா ஆபீஸ் லேசர் பிரிண்டரில் அடித்துவந்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி. கை மாறிக் கை போனது. ஒருத்தி முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டாள்.

வாசகம் என்னுடையது. நிற்பது நாங்கள். பேர் அவளுக்கு. ஒரு நாளாவது நின்றிருக்கிறாளா?

போகும்போது என்னிடம் தனியாக: "சின்னதா அடிக்கறதாலதான் புள்ளி புள்ளியாத் தெரியறது. ரெண்டு மடங்கா வரைஞ்சு அடிச்சு, ஜெராக்ஸ்ல பாதியாக் குறைச்சுடு. எல்லாம் ஒட்டிண்டுடும். நன்னா வந்தா உன்னோடதே போடலாம்."

"தெரியும்" என்றேன். தெரியாது.

ஜூலை 26, வெள்ளி

காய்ச்சல் என்று லீவு.

- எண்ணெய் ரிப்பன் குப்பைக்கு. இன்ஸ்டிட்யூட்டில் கெஞ்சி டைப்ரைட்டர் ரிப்பன். வெட்டி, பழைய கூட்டிலேயே கையால் சுற்றினேன். பத்து விரலும் கறுப்பு.
- எழுத்து பதினாறு புள்ளியில் மறுபடி. நோட்டீஸில் வருவது மட்டும். நாற்பத்தொன்று.
- மழை ஈரத்தில் தாள் வளைந்து சிக்குகிறது. தோசைக்கல்லில் வாட்டி ஏற்றினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு வரியும் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு தடவை குத்தல். ஒரு தாளில் அடங்கவில்லை; இரண்டு தாள், சோற்றுப் பசையில் ஒட்டு.

நாள் முழுக்க அவள் குரல். ஒட்டிண்டுடும். சரியாக வரவேண்டும். அவள் சொன்னது தப்பாகவும் போகவேண்டும்.

ஜூலை 27, சனி

பழவங்காடி ஜெராக்ஸ் கடை. பாதியாகக் குறைத்து ஒரு கட்டு பிரதி எடுத்தான். புள்ளியே இல்லை. அச்சு.

டீக்கடை. மேரி அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எட்டி, அந்தப் பழைய டப்பாவுலயா அடிச்ச? யாரு சொல்லித் தந்தா?"

பத்மா பக்கத்தில்தான் நின்றாள்.

"நானே கண்டுபிடிச்சேன்க்கா."

ப.: "ஆமாக்கா. எனக்கெல்லாம் தோணவே தோணாது." லேசர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் ஒரு முறைப்பு முறைத்திருக்கலாம். அவளுக்கு விட்டுக்கொடுக்க நிறைய இருக்கிறது. எனக்கு இந்த ஒரு தாள்.

ஜூலை 28, ஞாயிறு

மழை விட்டது. வாசகசாலை மாடி. இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம், முப்பத்தேழு. நோட்டீஸை நாலாக மடித்து பிளவுஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தவள்கூட உண்டு. ஒருத்தி பயந்து பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். மற்ற எல்லோரும் கையெழுத்து.

நாற்காலி போதவில்லை. ப. கடைசியில், சுவரோரம்.

மேரி அக்கா: "பத்மா பிள்ளே, எங்கயாவது இரி."

"பரவால்லக்கா."

இரண்டு மணி நேரம். இடது கால், வலது கால், மறுபடி இடது. செருப்பைக் கழற்றினாள். எனக்குத் தெரியும், அது கடையில் நாங்கள் மூன்றாவது மணி நேரத்தில் செய்வது. அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது.

நான் முதல் வரிசை. பக்கத்து நாற்காலியில் மிச்ச நோட்டீஸ் கட்டு. எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொள்ளவில்லை.