நாலு டயரும் ஒரு பை பட்டாணியும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்தேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் புகுந்து, “சரி சரி, விடு” என்று முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது.

குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது. உன் அறையில் பாதியை என் புத்தகங்கள் பிடித்துக்கொண்டன. மீதியை விட்டுவைத்திருக்கிறேன். உன் போர்வையை அம்மா வெயில் வரும் நாளெல்லாம் மாடியில் காயப்போடுகிறாள். யாரும் போர்த்தாத போர்வைக்கு எதற்கு இந்த உபசாரம் என்று கேட்டால், “உன் வேலையைப் பாருடி” என்கிறாள்.

நீ அனுப்பிய டயர்களைப் பற்றி இங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருந்திருக்கும். நியாயம்தான். நீ லாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து அப்பா உன் பேச்சையே எடுக்கவில்லை. அப்படியிருக்கும்போது ஒரு நாள் காலையில், துண்டுச் சீட்டுகூட இல்லாமல், வாசலில் நாலு புது டயர் வந்து இறங்கியது. அப்பா அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். தோள் துண்டால் ஒன்றைத் துடைத்தார். “மலைப்பாதையில வண்டியோட அடி தரையில இடிக்குதுன்னு என்னைக்கோ ஒரு நாள் சொன்னேன்” என்றார். அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து பெட்ரோல் போடும் பெண்ணிலிருந்து தீவனக்கடை முதலாளிவரை எல்லோரிடமும், யாரும் கேட்காமலே, “பையன் அனுப்பினது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

அடி இடிப்பது உண்மையிலேயே நின்றுவிட்டது. வேறு தொல்லை ஆரம்பித்தது. தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பண்ணைகளுக்குப் போகும்போது மூன்றாவது வளைவில் லாரி திணறி நின்றுவிடும். அப்பா க்ளட்சை மிதித்து மிதித்து, கருகிய வாடையோடு வீடு திரும்புவார். ஒரு முறை பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்று ஹாரன் அடித்திருக்கின்றன. என்ன ஆயிற்று என்று கேட்டபோது, “கால்ல பழைய பலம் இல்லம்மா” என்றார். அப்பா தன் உடம்பைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து என் மனசு சரியில்லை.

தீவனக்கடை முதலாளி பாதி லோடை வேறு வண்டிக்கு மாற்றினார். “பெரியவருக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க” என்று அம்மாவிடம் பரிவாகத்தான் சொன்னார். அந்தப் பரிவு அப்பாவைப் படுத்திவிட்டது. லாரியை விற்றுவிடப்போவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஒருவரை வரச்சொல்லிவிட்டார். முப்பது வருஷமாக விடியுமுன் எழுந்து பழகியவர், லாரி இல்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வார், சொல்.

இனி அம்மாவின் பட்டாணிக் கதை. சந்தைக்குப் போகும்போது அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பை பட்டாணி உரிப்பாள் அல்லவா. வீட்டு வாசலில் ஆரம்பித்தால் சந்தை வாசலில் பை காலியாகும். நீகூட அவளை மணிக்கூண்டு என்று கிண்டல் செய்வாய். கொஞ்ச காலமாகச் சந்தை வந்த பிறகும் பையில் காய் மிச்சமிருந்தது. “நீங்க பறக்கிறீங்க” என்பாள் அம்மா. “மீட்டரைப் பாரு, ஐம்பதுக்கு மேல போகல. உனக்குத்தான் கை தளர்ந்துபோச்சு” என்பார் அப்பா. அவளும் அதை நம்பி, ராத்திரியில் விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருவர் கால், ஒருவர் கை என்று இரண்டு பேரும் என் கண்ணெதிரே கிழமாகிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் விடுமுறை நாளில் நானும் அவர்களோடு போனேன். அன்றும் மிச்சமிருந்தது. ஆனால் அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவை கொஞ்சம்கூட வேகம் குறையவில்லை. அப்படியென்றால் பொய் சொல்வது மீட்டர்தான் என்று தோன்றியது. சந்தையிலிருந்து நேரே நம் பட்டறை மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். “உங்கண்ணன் அனுப்பின டயர் பழசைவிடப் பெருசும்மா. டயர் பெருசாச்சுன்னா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது எப்படித் தெரியும், பாவம், அது பழைய கணக்கையே சொல்லும். எஞ்சினுக்கும் ஏத்தத்துல மூச்சு வாங்கும். எப்பவும் ஒரு கியர் கூடப் போட்ட மாதிரிதான். ஆக்சிலுக்குள்ள இருக்கிற பல்சக்கர ஜோடியை இந்த டயருக்குத் தகுந்த மாதிரி மாத்தணும். இல்லேன்னா பழைய டயரையே போட்டுட்டா அரை நாள் வேலை” என்றார். அப்புறம், என்னைப் பார்க்காமல், “இதைத்தானேம்மா உங்கப்பாகிட்ட முதல் வாரமே சொன்னேன்” என்றார்.

பின்னே ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று மாமாவைப் பிடித்துக்கொண்டேன், அண்ணா.

அப்பா அவர் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார். “அவன் காதுக்குப் போயிடும். யோசிச்சு அனுப்பியிருக்கான். கழட்டி ஓரமா வெச்சா அவன் என்ன நெனைப்பான்” என்றாராம். நம் பழைய மாடலுக்குப் புதுப் பல்சக்கரம் கிடைக்காது. மாமா அலைந்து திரிந்து பின்பக்க ஆக்சிலுக்கு மட்டும் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தார். நம் லாரியில் நாலு சக்கரமும் இழுக்கும் என்பதால் முன் ஆக்சிலுக்கும் அதே கணக்கில் வேண்டுமாம். “முன்னது ஒரு கணக்கு, பின்னது ஒரு கணக்குன்னா, சேத்துல ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டுப் பல்லை உடைச்சுக்கும்” என்றார். அது கிடைக்காமல்தான் அப்பா சோர்ந்துபோயிருக்கிறார். உன் டயரைக் கழற்றுவதைவிடத் தனக்கு வயதாகிவிட்டது என்று ஊரே சொல்வது பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

மறுநாள் மாமாவும் நானும் பழைய இரும்புக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். ஒரு கடையின் பின்பக்கம் புல்லுக்குள் நம் லாரியின் உடன்பிறப்பு ஒன்று கிடந்தது. கல் குவாரியில் உழைத்து ஓய்ந்ததாம். மாமா அதன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தில் நான் சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்ற, உள்ளே ஓடும் தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று அவர் படுத்துக்கொண்டே எண்ணினார். நமக்கு வேண்டிய கணக்கு வந்ததும், “கழட்டுடா” என்று தனக்குத்தானே கத்தினார்.

அன்று மாலை சமையலறையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அப்பா தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான், “அப்ப என் கை நல்லாத்தான் இருந்திருக்கு” என்று கூடையை டொக்கென்று வைத்தாள். சாப்பாடு முடியும்வரை அவரோடு பேசவில்லை. ஆனால் கேட்காமலே இரண்டு தடவை பரிமாறினாள்.

ஞாயிற்றுக்கிழமை வாங்க வந்தவர் பார்த்தபோது லாரி கட்டைகள்மேல் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. அப்பா, கை முழுக்க கிரீஸோடு, “இது விக்கிற நிலைமைல இல்லீங்க” என்றார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் ஒரு வியாபாரத்தை முறித்திருக்க மாட்டார்கள்.

நேற்று முழு லோடோடு மலை ஏறினோம். மூன்றாவது வளைவில் நான் வெளியே பார்ப்பதுபோல் இருந்தேன். லாரி தன்பாட்டுக்கு ஏறியது. இன்று சந்தை வாசலில் அம்மா கடைசிக் காயை உரித்துவிட்டு, காலிப் பையை அப்பாவின் மூக்குக்கு நேரே உதறிக் காட்டினாள். மீட்டரும் இப்போது உண்மை பேசுகிறது.

இதையெல்லாம் உனக்கு எழுதக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. எழுதிவிட்டேன், காட்டிக்கொடுக்காதே. உன்மேல் தப்பு என்று சொல்ல எழுதவில்லை. அவர் புலம்பியதை நீ அத்தனை தூரத்தில் நினைவு வைத்திருந்தாய், அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்று மட்டும். இனி நம் லாரிக்கு இந்த அளவு டயர்தான் பொருந்தும், பழையதற்குத் திரும்ப வழியில்லை. இந்த அளவு எங்கே கிடைக்கும் என்று மாமா கேட்டதற்கு, அப்பா போல்ட்டை முடுக்கிக்கொண்டே, “அவனுக்குத்தான் தெரியும். தேஞ்சா அவனே வந்து மாட்டட்டும்” என்றார். நீ போன பிறகு உன்னைப் பற்றி அவர் வாய் திறந்து எங்கள் முன்னால் சொன்ன முதல் வார்த்தை.

வேளைக்குச் சாப்பிடு. உன் பாதி அறை அப்படியே இருக்கிறது. இனி லோடு இல்லாத நாளிலும் மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போய்வரப்போவதாக அப்பா சொல்கிறார். டயர் சீக்கிரமே தேயும் என்று நினைக்கிறேன்.

என்றும் உன் அன்புத்
தங்கை