எனக்கு மட்டுமே என்றிருந்த பெயர்

மார்ச் 3, திங்கள்

இன்று என் பெயரோடு இன்னொருத்தி வேலைக்கு வந்திருக்கிறாள்.

காலை ஏழரைக்கு மேனேஜர் லேபுக்குள் வந்து என் பெயரைச் சொன்னார். "சொல்லுங்க சார்" என்றேன். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் "சார்" என்றாள். என்னைப் போலவே ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். இருபத்தெட்டு வயது. மேனேஜர் எங்களை மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் என்றால் சரி. என் பெயர் அப்படியா? இது அப்பா செய்த பெயர். லேத் பட்டறையில் இரும்பைக் கடைவதுபோல ஒன்பது நாள் எழுத்துகளைக் கடைந்து எடுத்தாராம். அகராதியில் கிடையாது. அர்த்தமும் கிடையாது. முதல் வகுப்பு டீச்சர் "இது பேரா, இருமல் மருந்தா?" என்று கேட்டார். அன்று அழுதேன். அப்புறம் அதே பெயரை வைத்துக்கொண்டு தலைகால் புரியாமல் ஆடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்தார். "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார். வயசு எதற்கு இவருக்கு?

மார்ச் 4, செவ்வாய்

மேனேஜர் உத்தரவு: ரிப்போர்ட்டில் கையெழுத்து குழம்பும், அதனால் இருவரில் ஒருவர் பெயருக்கு முன்னால் இனிஷியல் போட வேண்டும். பேட்ஜிலும் அப்படியே. சர்டிபிகேட்டில் உள்ள எழுத்துதான் செல்லும். "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

பேச என்ன இருக்கிறது? பதினொரு வருஷமாக என் பேட்ஜில் பெயர் மட்டும்தான். அதற்கு முன்னால் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வந்தவள் போட்டுக்கொள்ளட்டும்.

மார்ச் 5, புதன்

லேபில் எங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. அவள் "சின்னது". நான் "பெரிசு". ஐந்து வயது வித்தியாசத்துக்கு நான் பெரிசாம்! வைத்தவர் யார் என்று தெரிந்தால் நரம்பு கிடைக்கவில்லை என்று சொல்லி நாலு இடத்தில் குத்துவேன்.

மார்ச் 8, சனி

கூட்டம். காலையில் மட்டும் ஐம்பத்திரண்டு பேர்.

ஊசி போடும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க பேர் யார் வச்சாங்க?" யாரும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள், யோசிப்பார்கள். யோசிக்கும்போது கை தளர்ந்துவிடும். சொல்லி முடிப்பதற்குள் ட்யூப் நிறைந்துவிடும். அபூர்வமான பெயர் வந்தால் அதன் கதையை இந்த டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைக்கிறேன். அப்பா சமையல்காரராக இருந்த கப்பலின் பெயரை வைத்துக்கொண்ட ஒரு அம்மா. பிறந்த அன்று வீட்டுக்கு வந்த ரேடியோப் பெட்டியின் பெயரோடு ஒரு தாத்தா. வானொலி நாடகத்தில் கேட்டுப் பிடித்துப்போய் வைத்த பெயரோடு ஒரு அக்கா. அது வில்லியின் பெயர் என்பது அடுத்த வாரம்தான் வீட்டில் தெரிந்ததாம்.

இன்று ஒரு ஆள் கேட்டார், "உங்க பேர் என்னம்மா?" சொன்னேன். "அட, அந்தப் பக்கம் இருக்கிற பொண்ணும் அதே சொல்லுச்சே!" என்றார். அவர் கதையைக் கேட்காமலே பஞ்சை வைத்து அனுப்பிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் போன் பண்ணினான். விஷயத்தைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. "அப்பாவுக்கு வேற எங்கயாவது இன்னொரு வீடு இருந்திருக்குமோ? நல்லா விசாரி" என்றான். வாயைக் கழுவுடா என்றேன்.

இதெல்லாம் ஒரு விளையாட்டா? மூன்று வருஷம் முன்பு போன அம்மா கேட்டிருந்தால் செருப்பைத் தூக்கியிருப்பாள்.

ஆனால் வயசு கேட்டாரே?

மார்ச் 13, வியாழன்

ஒரு ட்யூபில் ரத்தம் உறைந்துபோய், அந்த ஆளைத் திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று. எடுத்தது சின்னது. தாளில் இருந்தது என் பெயர்! வாங்கிக் கட்டிக்கொண்டது நான். டாக்டரம்மா எல்லார் முன்னாலும் "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை" என்றார். சின்னது ஓடி வந்து "மேடம், அது நான்" என்றாள். ஒத்துக்கொண்டாள், நல்ல பெண்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் வந்தால் ட்யூபில் சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். எங்கள் நெற்றியில் ஒட்ட வேண்டியதுதான்.

மதியம் சாப்பிடும்போது கறாராகக் கேட்டேன், ஏன் இனிஷியல் போட மாட்டேன் என்கிறாய் என்று. டப்பாவை மூடினாள்.

"அந்த எழுத்து எங்கப்பாவோடதுக்கா. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே விட்டுட்டுப் போயிட்டாரு. அம்மாதான் தனியா வளர்த்தாங்க. சர்டிபிகேட்ல இருக்குது, அதை ஒண்ணும் பண்ண முடியல. நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரியணுமா?"

"சரி, இந்தப் பேர் யார் வச்சது?"

"அம்மாதான். யாரோ ஒரு ஆள் சொன்ன பேராம்."

என் டப்பாவையும் மூடிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டேன். வெட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன், சின்னதின் மூக்கு இந்த மூக்குதானோ என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த மனுஷனா? கடைக்குப் போனால் பையை மறப்பவர். எனக்கு ஐந்து வயதில் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னையே மறந்துவிட்டு வந்தவர். பாதி தூரம் பஸ்ஸில் போன பிறகுதான் "குழந்தை எங்கே?" என்று ஞாபகம் வந்ததாம். இறங்கித் திரும்ப ஓடினாராம். ஒரு துணிக்கடை மேசைக்கு அடியில் நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். அம்மா இதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் இத்தனை வருஷமாக "என்னைத் தொலைச்ச ஆள்தானே நீங்க" என்று சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. இவருக்கு இரண்டு வீடு நடத்தும் சாமர்த்தியமா!

இருந்தாலும் கேட்கத் தைரியமில்லை.

மார்ச் 20, வியாழன்

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சீனியர் என்ற முறையில் என் பெயர் அப்படியே இருக்க வேண்டும், மற்றவர் இனிஷியல் போட வேண்டும் என்று. "ஒண்ணாந்தேதியிலிருந்து மாத்திடலாம்" என்றார். ஜெயித்துவிட்டேன். சின்னது ட்யூப்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயித்த மாதிரி இல்லையே.

மார்ச் 24, திங்கள்

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் சின்னதின் அம்மா சர்க்கரை பார்க்க வந்தார். குட்டையான உருவம், கணீரென்ற குரல். பெற்ற அம்மாவுக்கு ஊசி குத்த மனசு வரவில்லை என்று சின்னது என்னிடம் அனுப்பினாள். மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பு நன்றாகத் தெரிந்தது. ஊசி உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் கேள்வி வந்துவிட்டது. ஆனால் வேறு மாதிரி வந்தது.

"உங்க பொண்ணுக்கு இந்தப் பேர் எங்கிருந்து கிடைச்சுது?"

அவர் யோசிக்கவே இல்லை. "அது பெரிய கதைம்மா. நான் அப்போ பொருட்காட்சியில மைக்குல அறிவிக்கிற வேலை பார்த்தேன். வயித்துல இவ ஏழு மாசம். ஒரு நாள் சாயங்காலம் ஒரு ஆள் ஓடி வந்தாரு. சட்டையெல்லாம் வேர்வை, கால்ல ஒரு செருப்புதான் இருந்தது. குழந்தையைக் காணோம்னாரு. பேரைக் கேட்டா, எனக்கு வாயிலயே நுழையல. எங்க வழக்கப்படி மூணு தடவை சொல்லிட்டு சோப்பு விளம்பரத்தைப் போட்டேன். மனுஷன் மைக்கைப் பிடுங்கிட்டாரு."

என் கையில் ட்யூப் நிறைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணரை மணி நேரம்மா! வெறும் பேரை மட்டும். கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. காவலாளி வந்து இழுத்தாரு, மேஜையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. தொண்டை கட்டிப்போய்க் காத்துதான் வருது, அப்பவும் விடல. தண்ணி குடுத்தேன். 'இது நான் செஞ்ச பேர்மா. இந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்க உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் இருக்கா. கேட்டா வந்துடுவா'ன்னாரு. அப்புறம் யாரோ குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. கண்ணைக் கசக்கிக்கிட்டே வந்துச்சு. அந்த ஆள் அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு."

"அப்புறம்?"

"என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போய் ரெண்டு மாசம் ஆகியிருந்தது. தேடுறதுன்னா இப்படித் தேடணும்னு தோணுச்சு. 'எனக்குப் பொண்ணு பொறந்தா இந்தப் பேரை வச்சுக்கட்டுமா'ன்னு கேட்டேன். குரலே இல்ல அவருக்கு, ஆனாலும் சிரிச்சாரு. 'வச்சுக்கோங்க. வேற ஊர்ல வளருங்க'ன்னாரு." பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், "கை மரத்துப் போச்சும்மா."

ரப்பர் பட்டையை அவிழ்க்கவே இல்லை நான். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. அவசரமாக அவிழ்த்தேன், ஊசியை எடுத்தேன், பஞ்சை வைத்தேன். "அந்தக் குழந்தை நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. சின்னது ஓடி வந்து, அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் ஊசியே வேண்டாம் என்று போய்விட்டார்களாம்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். ஏன் சொல்லவே இல்லை என்று.

"எதை?"

"மைக்கைப் பிடுங்கினதை. ஒண்ணரை மணி நேரம் கத்தினதை."

"தொலைச்சது நான்தானே. தேடினதைப் பெருமையா சொல்லிக்கவா முடியும்?"

"இருபத்தெட்டு வருஷமா நான் சொல்லிக்காட்டிக்கிட்டே இருந்தேனேப்பா."

"அதனால என்ன, நீ பக்கத்துல இருந்துதானே சொல்லிக்காட்டுன" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். அண்ணனுக்குப் போன் பண்ணி முழுக் கதையையும் சொன்னேன். "வாயைக் கழுவிக்கிறேன்" என்றான்.

மார்ச் 30, ஞாயிறு

சின்னதும் அவள் அம்மாவும் சாப்பிட வந்தார்கள். அப்பா காலையிலேயே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா உள்ளே வந்ததும் எழுந்து நின்று, "அன்னைக்கு உங்க வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை வரலையே?" என்று கேட்டார். "ஒரு வாரம் திட்டு வாங்கினேன்" என்று அந்த அம்மா சிரித்தார். "அதுசரி, வேற ஊர்ல வளர்க்கச் சொன்னேனே?" என்றார் அப்பா. "இவளுக்கு வேலை இங்கதானே கிடைச்சுது, நான் என்ன பண்ண?" என்றார் அந்த அம்மா.

சின்னது அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "என்னையும் ஒரு தடவை கூப்பிடுங்களேன்" என்றாள். அப்பா கூப்பிட்டார். நான் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினேன். கோபம் இல்லை, சத்தியமாக.

ஏப்ரல் 2, புதன்

புதுப் பேட்ஜ் வந்தது. சின்னதின் பேட்ஜில் பெயர் மட்டும். என்னுடையதில் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "சீனியர் நீங்கதானே, நீங்க ஏன்?" என்றார். "என்கிட்ட இருக்கு சார், போட்டுக்கிறேன்" என்றேன்.

வீட்டில் அப்பா அதைக் கழற்றி வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "எழுத்தைக் கொஞ்சம் கோணலா அடிச்சிருக்காங்க" என்றார். திருப்பிக் கேட்டேன், தரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தருகிறேன் என்கிறார்.