பிரம்போடு வந்த பிள்ளை

பிப்ரவரி 10

வேலை விட்டு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டும் கையில் ஆட்டுக் கொழுப்பு வாடை போகவில்லை. நாலு மணிக்கு ரொஸ்லான் தன் மகளை என்னிடம் குர்ஆன் ஓத விடக் கூட்டிக்கொண்டு வந்தான். இறைச்சி ஆலையில் அவன் அறுக்கிற பக்கம், நான் எலும்பு பிரிக்கிற பக்கம். மகள் பெயர் கிஸ்தினா. ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

தட்டில் மஞ்சள் ஒட்டரிசிச் சோறு, அவித்த முட்டை. அவன் கக்கத்தில் ஒரு பிரம்பு. பிள்ளையை ஓத விடும்போது பிரம்பையும் சேர்த்துக் கொடுப்பது எங்கள் மலாய்க்காரர் வழக்கம். கிறிஸ்துமஸ் தீவை விட்டு, பெர்த்திலிருந்து தள்ளி இருக்கிற இந்த ஆட்டு ஊருக்கு வந்து நாற்பது வருஷமாகியும் அது மட்டும் விடவில்லை.

“கண்ணும் எலும்பும் எனக்கு, சியாக்கா. மத்ததெல்லாம் உங்களுக்கு,” என்றான்.

“இந்த வீட்டுல அடி கிடையாது, தம்பி.”

“சும்மா வச்சுக்கங்க. பார்த்தாலே பயம் வரும்ல.”

வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் பிரம்பை மறுத்தால் பிள்ளையையே மறுத்த மாதிரி. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 19

எட்டுப் பிள்ளைகளில் இவள் ஒருத்திதான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இன்று குர்ஆனில் வருகிற, யானைப் படை மேல் பறவைகள் கல் எறிந்த கதையைச் சொன்னேன்.

“யானைக்கு வலிச்சிருக்குமா, பெரியம்மா? அது என்ன பண்ணுச்சு? ஓட்டிட்டு வந்தவன்தானே தப்பு?”

போகும்போது குர்ஆனை எடுத்து முத்தமிட்டுவிட்டு வைத்தாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

மார்ச் 4

தம்பி இத்ரிஸின் பிறந்த நாள். போன் எடுக்கவில்லை.

தீவில் எங்களுக்கு ஓதிக் கொடுத்தவர் அவனைக் காதோடு சேர்த்து அறைந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. சட்டைக் காலரெல்லாம் ரத்தம். அப்பா அன்று மாலையே அந்த ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். எதற்கு? பிள்ளை கத்திவிட்டானாம், அதற்கு. இடது காது இன்றுவரை கேட்காது. பெர்த்தில் லாரி ஓட்டுகிறான், பள்ளிவாசலுக்குள் கால் வைப்பதில்லை. இன்னொரு பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இந்த வகுப்பையே ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 8

ஆலையில் ஆடு தொங்கி வருகிற செயினின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள், பாவிகள். கத்தி சறுக்கிக் கட்டைவிரலில் மூன்று தையல். யாரைப் பார்த்தாலும் அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஏப்ரல் 11

அடித்துவிட்டேன்.

ஒரே வரியில் நாலு தடவை தடுக்கினாள். ஐந்தாவது தடவை பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். மற்றதுகளும் சிரித்தன. தையல் போட்ட விரல் விண்விண்ணென்று தெறித்தது. எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் கைவிட்டேன். என்னை அறியாமல் நடந்தது என்று எழுதினால் பொய். “கையை நீட்டு” என்றேன். விளையாட்டு என்று நினைத்து நீட்டினாள்.

மூன்று அடி. முதல் அடியில் அவள் முகத்தில் வலிகூட இல்லை, ஆச்சரியம்தான். அங்கேயே நிறுத்தியிருக்கலாமே. ஏன்டி நிறுத்தல? மூன்றாவது மணிக்கட்டில் விழுந்து தோல் பிய்ந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அவள் அந்த வரியை ஓதினாள். ஒரு பிழை இல்லை.

ஏப்ரல் 12

ரொஸ்லான் ஒரு தட்டு நிறைய வறுத்த மீன் கொண்டுவந்து கொடுத்தான். “இப்பத்தான் வாத்தியார் மாதிரி இருக்கீங்க. நேத்து வீட்டுல ஒரு பக்கம் கடகடன்னு ஓதுறா.”

கிஸ்தினா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மீனைத் தின்றேன்.

ஏப்ரல் 30

எட்டுப் பேரும் பிழையில்லாமல் ஓதுகிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. இன்னும் இரண்டு பேரை அடித்திருக்கிறேன். முதல் தடவைதான் கஷ்டம். பிரம்பு இப்போது கதவுக்குப் பின்னால் இல்லை, என் முழங்கால் பக்கத்தில் கிடக்கிறது.

மே 17

மீன் தட்டைத் திருப்பிக் கொடுக்க ரொஸ்லான் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் கிஸ்தினா. எதிரே அவள் தம்பி ஹாரிஸ், நாலு வயது. செருப்புப் பெட்டிமேல் ஏதோ கடை விளம்பரத்தைப் பிரித்து வைத்திருந்தாள். கையில் மரக்கரண்டி.

“கையை நீட்டு,” என்றாள். என் குரல். அப்படியே என் குரல்.

அவன் மாட்டேன் என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். கரண்டியை ஓங்கிக் காதோடு சேர்த்துப் போட்டாள். அலறினான். “அழாதே. ஓது.”

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். “என்னடி இது?”

“ஓதுற விளையாட்டு, பெரியம்மா.”

சாயங்காலம் இத்ரிஸ் போனை எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். “அடிச்சப்புறம் நல்லா ஓதினாளா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“நானும் அன்னைக்கு நல்லாத்தான்க்கா ஓதினேன்.”

மே 19

பிரம்பை ஆலைக்குக் கொண்டுபோய் எலும்பு அறுக்கிற மெஷினில் விட்டேன். சூப்பர்வைசர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தான். கொடுக்கட்டும்.

மே 20

வகுப்பு முடிந்து ரொஸ்லான் கூட்டிப்போக வந்தபோது, எல்லார் முன்னாலும் கிஸ்தினாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பிள்ளைகிட்ட மன்னிப்பா? நாளைக்கு என்னை இவ மதிப்பாளா?” என்றான் ரொஸ்லான்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: “நான் இனிமே ஓத வரல.”

கன்னத்தில் விட்டான். சுவரில் போய் மோதினாள். இரண்டாவது அடிக்குள் நான் குறுக்கே போனேன். தினம் ஆடு அறுக்கிற கை — என் உதடு கிழிந்து, ஒரு பல் ஆடுகிறது. பாயெல்லாம் ரத்தம், பிள்ளைகள் மூலைக்கு ஓடிவிட்டன. எனக்குச் சமையல் கத்திமேல் கண் போனது. எடுக்கவில்லை. எடுக்க நினைத்தேன்.

ரத்தத்தைப் பார்த்ததும் அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். “எங்கப்பா என்னை பெல்ட்டால...” என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போனான். போலீசுக்குப் போ என்கிறான் இத்ரிஸ். போனால் நான் அடித்ததையும் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 6

போலீஸ் நிலையத்தில் இரண்டையும் சொன்னேன். வகுப்பை மூடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நான் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். இப்போது தாய்மார் முறை வைத்து உட்காருகிறார்கள். ஐந்து பேர் வருகிறார்கள். கிஸ்தினா இல்லை.

ஜூலை 14

வந்தாள். அவள் அம்மா கூடவே வந்து உட்கார்ந்தாள். ரொஸ்லான் கேட்டுக்கு வெளியே காரிலேயே இருந்தான்.

உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். “அது எங்க?”

“அறுத்துட்டேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

முன்பற்கள் முளைத்திருந்தன. உட்கார்ந்து, விட்ட பக்கத்தைத் தானே திறந்தாள். மூன்று வரி நன்றாக ஓதினாள். நாலாவது வரியில் தடுக்கியது. குர்ஆனிலிருந்து கண்ணை எடுக்காமலே, வலது கையை என் பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தாள்.